பட்டப்பகலில் கடந்த ஆறு

அக்கா,

இன்று காலையிலிருந்து எங்கள் லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். தொழிலாளர் இலாகாத் துரை அடுத்த வாரம் தோட்டத்தைப் பார்வையிட வருகிறாராம், அதற்காகத்தான் இந்த ஆர்ப்பாட்டம். சுண்ணாம்பு நெடி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்லம்மா என் தட்டைப் பார்த்தாள். என்னைக் கோலசிலாங்கூர் லாக்கப்பில் அடைத்தபோது அந்த அறைக்கும் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஈரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் முதுகெல்லாம் வெள்ளையாகிப் போயிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நெடி மூக்கில் ஏறினால், வெளியே யாரோ என் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்றே தோன்றுகிறது.

நீ உயிரோடு இருந்தவரை இதை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "இன்னுமாடா?" என்று கேட்டுச் சிரித்திருப்பாய். ஆமாம் அக்கா, இன்னும்தான். இப்போது சொல்லக்கூட ஆளில்லை என்று ஆனபிறகு எழுதுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தது கையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் முதலில் வேலை பார்த்த தோட்டத்தை நினைத்தால் எனக்குத் தண்ணீர்தான் கண்ணில் நிற்கிறது. ஆற்றின் வடகரையில், பாசிர் பெனம்பாங் படகுத்துறையிலிருந்து உள்ளே தள்ளி, பாதி ரப்பரும் பாதி சதுப்புமாகக் கிடந்த இடம். மழை விட்டபிறகும் மரங்களுக்கு நடுவே தண்ணீர் வடியாது. எந்த லயத்தில் எட்டிப் பார்த்தாலும் யாராவது ஒருவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். புருஷனைப் பறிகொடுத்த கையோடு என்னோடு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவள் நீ. செல்லம்மாவை நான் கட்டியதும் அந்த லயத்தில்தான், எங்கள் மூத்தவன் பிறந்ததும் அங்கேதான்.

அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஈஜோக் பக்கம் மேட்டு நிலத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது, ஆஸ்பத்திரி கிட்ட, ஆளும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போய் வேலையை விட நோட்டீஸ் கொடுக்கப் பார்த்தேன். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது அப்போதும் சட்டத்தில் இருந்ததுதான். ஆனால் கிராணி காதில் போட்டுக்கொள்ளாத நோட்டீஸ் நோட்டீஸே இல்லை. "போ போ, ஒன் நெரையப் பாரு" என்று விரட்டிவிட்டார். நோட்டீஸ் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். திருடியவனுக்கும் தலையை உடைத்தவனுக்கும் எந்த இடமோ, வேலையை விட்டவனுக்கும் அதே இடம். தெரிந்தேதான் போனேன். நான் முதலில் போய் இடம் பிடித்துவிட்டு உங்களைக் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு. படகில் கால் வைக்கும் முன்பே பிடித்துவிட்டார்கள்.

ஜெயிலில் கல் உடைத்துவிட்டு அதே தோட்டத்துக்கு என்னைத் திருப்பி அனுப்பியபோது நீ லயத்துக்கு வெளியே நின்றிருந்தாய். உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையை நீதான் தூக்கிக்கொண்டு போய், ஆற்றோரம் மேடாக இருந்த இடத்தைத் தேடிப் புதைத்திருந்தாய். "தண்ணி ஏறாத எடமா வச்சிருக்கேன்டா" என்று மட்டும் சொன்னாய். நீ அழுது நான் பார்க்கவில்லை.

சட்டம் மாறியது அதற்குப் பிறகுதான். யார், எங்கே உட்கார்ந்து மாற்றினார்கள் என்று நமக்கு என்ன தெரியும்? கூலிகளை ஜெயிலில் போடுகிற ஊருக்கு ஆள் அனுப்பலாமா என்று இந்தியாவில் கேள்வி எழுந்ததாம், அதனால்தான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். நீ அதைக் கோலசிலாங்கூரில் ஒரு காப்பிக்கடை வாசலில் கேட்டாய். உள்ளே யாரோ பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்களாம். வெற்றிலை வாங்கப் போனவள் வெற்றிலையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாய்.

"தம்பி, சட்டத்தத் திருத்திட்டாங்களாம்டா. வேலைய விட்டுட்டுப் போனா இனிமே ஜெயிலு கெடையாதாம்."

எனக்கு சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "பேப்பர்ல போடுவான். படகுத்துறையில நிக்கிற மாத்தா அந்தப் பேப்பரப் படிச்சானாமா?" என்றேன். போலீஸ்காரனை இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுபோல மாத்தா என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

செல்லம்மா அப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்திருந்த அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள இங்க பொறக்கக் கூடாது" என்றாய்.

மறுநாள் தோட்டத்து டிரெசரிடம் போனாய். மருந்து கொடுக்கிற அந்த யாழ்ப்பாணத்துக்காரர் நல்ல மனிதர், ஆனால் தன் நிழலுக்கே பயப்படுகிறவர். நான் வாசலில் காவல் போல நின்றேன். கொய்னா மருந்துப் புட்டியை மூடிக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னார்.

"ஓம் பிள்ளை, கதை உண்மைதான். முந்தின மாதிரிப் பிடிச்சு மறியலுக்குள்ளை போடேலாது. அந்தப் பிரிவை எடுத்துப்போட்டாங்கள்."

"அப்ப நாங்க போலாமா அய்யா?"

"ஒரு மாத நோட்டீஸ் குடுத்திட்டு வெளிக்கிடலாம். ஆனா நான் சொன்னதெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை. நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

திரும்பி நடக்கும்போது நான் உன்னிடம் கெஞ்சினேன். உண்மையாகவே இருக்கட்டும், நோட்டீஸெல்லாம் வேண்டாம், இருட்டிய பிறகு மூன்று பேரும் சத்தம் போடாமல் போய்விடலாம் என்றேன். ஆற்றைக் கடக்க யாராவது மீன்காரனைப் பிடிக்கலாம் என்றும் சொன்னேன். நீ நடையை நிறுத்தினாய்.

"ராவுல போனா நாம ஓடிப்போனவங்கடா. பகல்ல போனாத்தான் வேலைய விட்டுட்டுப் போனவங்க."

காலைப் பெரட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். விடிந்தும் விடியாமலும் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். நீ இரண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தாய். பெரிய துரை தானே வந்து நிற்கிற நாளுக்காகக் காத்திருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று துரை குதிரையை விட்டு இறங்கி கிராணியின் பக்கத்தில் நின்றார். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாய்.

"இருக்கேன். ஆனா அடுத்த மாசம் இதே நாளு இருக்க மாட்டேன். நானு, என் தம்பி, அவன் பொண்டாட்டி, மூணு பேரும் வேலைய விட்டு நிக்கிறோம். இதான் நோட்டீஸு. எல்லாரும் கேட்டுக்குங்க."

களத்தில் ஒரு வாளிகூட அசையவில்லை. "வாய மூடு!" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் பாய்ந்தார். துரை என்னவென்று கேட்டார். கிராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை உன்னையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குதிரையில் ஏறிப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கிராணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

துரை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மாதம் முழுக்க அவர் வாயிலிருந்து வராத பதிலைத்தான் நான் தின்றேன், அதைத்தான் குடித்தேன். லயத்துச் சனங்கள் நம்மைப் பார்த்தால் குழாயடியில் தண்ணீர் பிடிப்பதை அவசரமாக முடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நம்மோடு ஒட்டினால் வம்பு தங்களுக்கும் வந்துவிடும் என்ற பயம். சதுப்பை ஒட்டிய கடைசி மர நிரைகளை நமக்குக் கொடுத்தார்கள். செல்லம்மா முழங்கால் சேற்றில் நின்று மரம் சீவினாள். அவள் கால் வீங்கிக்கொண்டே போனது. சைக்கிள் மணி எங்கே கேட்டாலும் மாத்தா வருகிறான் என்று என் கை நின்றுவிடும். உளி மரத்தில் ஆழமாக இறங்கி எத்தனை மரங்களைக் காயப்படுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் மண்டோர் நம் வாசலுக்கு வந்தார். அன்று அவர் சத்தம் போடவில்லை. அதுதான் என்னை அதிகம் கலக்கியது.

"தம்பி, நானும் ஒங்க பக்கத்து ஊருதான். சொல்றதக் கேளு. ஒரு தடவ உள்ள போனவன் ரெண்டாந்தடவ போனா லேசுல விட மாட்டாங்க. புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு ஒனக்கு ஏன் இந்த வேல? நாளைக்கிப் பெரட்டுல போயி, தெரியாம சொல்லிட்டோமுன்னு சொல்லிரு. அதோட போயிரும்."

அவர் போனபிறகு, அவர் சொல்வது சரிதானே என்று உன்னிடம் சொன்னேன். நீ அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாய். குச்சி உன் கையில் நிற்கவில்லை.

"எனக்கு மட்டும் பயமில்லேன்னு நெனச்சியா? நாலு நாளா சோறு எறங்கல எனக்கு. பயந்துக்கிட்டே போவோம், வா."

இன்றைக்கும் இந்தத் தோட்டத்தில் சைக்கிள் மணி கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறேன். என் மகள், "அது தபால்காரர்ப்பா" என்கிறாள். தெரியும் என்கிறேன். தெரிந்தும் மணி தூரத்தில் மறைகிறவரை காத்திருந்துவிட்டுத்தான் விட்ட வார்த்தையைப் பிடிக்கிறேன்.

மாதம் முடிந்தது. நீ குறித்த நாளில் பெரட்டு முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில், பாய் சுருட்டும் இரண்டு சட்டிகளும் ஒரு தகரப்பெட்டியுமாக நாம் களத்தின் ஓரமாகவே நடந்து போனோம். வேறு வழியும் இருந்தது. நீதான் எல்லோர் கண்ணிலும் படும்படி இந்த வழியாகக் கூட்டிப்போனாய். யாரும் தடுக்கவில்லை. கிராணி தலை தூக்கவில்லை. ஆற்று மேட்டருகே செல்லம்மா நின்றுவிட்டாள். புல் மண்டியிருந்த இடத்தில் குனிந்து கையால் ஒரு தடவை தடவினாள். நாம் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் எழுந்திருக்க நீதான் கை கொடுத்தாய்.

பாதி வழியில் பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. மண்டோர். நம்மைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், படகுத்துறைப் பக்கம் மிதித்துக்கொண்டு போனார். "அக்கா, மாத்தாகிட்ட சொல்லப் போறார்" என்றேன். "சொல்லட்டும். நாமளும் அதத்தான் சொல்லப்போறோம்" என்றாய். ஆனால் உன் நடை வேகம் குறைந்தது. செல்லம்மாவுக்காகத்தான் குறைத்தாய் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

துறையில் மாத்தா நின்றிருந்தான். மண்டோர் அவன் பக்கத்தில்.

"மனா பெர்கி?" எங்கே போகிறாய் என்று அவன் உன்னைக் கேட்டான்.

உனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாய். "கெர்ஜா பெரந்தி. பெர்கி ஈஜோக்." வேலை நின்றாயிற்று, ஈஜோக் போகிறோம்.

அவன் மண்டோரைப் பார்த்தான். மண்டோர், "லாரி, லாரி" என்றார். ஓடிப்போகிறவர்கள் என்று அர்த்தம். நம்மை அதே படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். நாம் போக வேண்டிய கரைதான், போக வேண்டிய விதம்தான் வேறு. செல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் எந்தப் பலகையில் போன தடவை பிடிபட்டு உட்கார்ந்திருந்தேனோ அதே பலகை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளை பிறக்கும்போதும் நான் உள்ளேதான் இருப்பேன் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

கோலசிலாங்கூர்க் கோர்ட்டுக் கச்சேரியில் ஒரு வெள்ளைக்காரத் துரை, வயது குறைந்தவர், காகிதங்களுக்குள் முகத்தை வைத்திருந்தார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், கோட்டும் தலைப்பாகையுமாக. மாத்தா சொன்னதைத் துரை பாதி கேட்டார். புருவத்தை நெரித்தார். சலிப்போடு ஒன்றிரண்டு வார்த்தை சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நம் பக்கம் திரும்பினார்.

"இது இப்போ குற்றம் இல்லையாம். உங்கள இங்க கொண்டாந்திருக்கவே வேண்டாமாம். தோட்டத்துக்காரங்களுக்கு ஏதாவது குறை இருந்தா அவங்க தனியா வழக்குப் போட்டுக்கட்டும். நீங்க போகலாம்."

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை புரியவில்லை அக்கா. யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள் என்று நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. செல்லம்மா என்னை இழுத்தாள். நீ நகரவில்லை.

"அய்யா, தொரகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அதான் விட்டாச்சேம்மா. கெளம்பு."

"ரெண்டு வருசத்துக்கு முந்தி இவன் இதே ஆத்தத்தான் தாண்ட வந்தான். இதே தொறையிலதான் புடிச்சீங்க. ஜெயில்ல போட்டீங்க. இவன் உள்ள இருக்கையில இவன் புள்ள செத்துப்போச்சு. நான்தான் பொதச்சேன். இன்னைக்கிக் குத்தமில்லேங்கிறீங்க. அப்ப மட்டும் எப்படிக் குத்தமாச்சுன்னு கேளுங்க."

மொழிபெயர்ப்பாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அத விட்டுரும்மா" என்றார், மெதுவாக.

"கேளுங்கய்யா. எனக்கு அவரு பாச தெரிஞ்சா நானே கேட்டுக்குவேன்."

அவர் கேட்டார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது, ஆனால் துரையின் பேனா நின்றது. முதல் தடவையாக நம் முகங்களைப் பார்த்தார். செல்லம்மாவின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தச் சில கணங்களில், விட்டவர்கள் மறுபடி பிடித்துவிடப்போகிறார்கள் என்று என் உயிரே போனது. துரை தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"அப்போ சட்டம் அப்படி இருந்துச்சுங்கிறார்."

"அப்ப நடந்த காலும் இதே காலுதான்னு சொல்லுங்க" என்றாய்.

அதை அவர் மொழிபெயர்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. துரை மறுபடி காகிதத்துக்குள் குனிந்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் சிரித்தேன் என்று செல்லம்மா சொல்வாள். எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது நீதான். கச்சேரி வாசலைத் தாண்டி, மர நிழலில், தகரப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாய். மாரில் அடித்துக்கொண்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதாய். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் செத்தபோது அழாததையெல்லாம் அன்று அழுதாய். நமக்கு நல்லது நடந்த நாள் என்று அந்த ஊரில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மகள் ஈஜோக்கில்தான் பிறந்தாள். முதல் வருஷம் அவள் தும்மினால்கூட நான் விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிழைத்துக்கொண்டாள். இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைவிடக் கூடுதலாகப் படிக்கிறாள். நீயோ ஒரு வருஷம்கூட எங்களோடு தரிக்கவில்லை. பெரட்டில் நின்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டம் போனாய். அங்கிருந்தும் நோட்டீஸ் கொடுத்தாய். இங்கே என்ன குறை என்று நான் கோபித்துக்கொண்டபோது, "கொறையெல்லாம் ஒண்ணுமில்லடா. போலாம்னு இருக்கில்ல, போய்ப் பாக்குறேன்" என்றாய். கடைசியில் பாசிர் பெனம்பாங்கிலேயே போய் நின்றாய், ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் இறால் காயவைக்கிற வேலைக்கு. அந்தப் படகுத்துறை எனக்கு எதிரிலேயே வரக்கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதற்கு எதிரிலேயே குடிசை போட்டுக்கொண்டாய்.

நீ போன செய்தியை ஒரு லோரிக்காரன் கொண்டுவந்தான். காய்ச்சல், இரண்டே நாள். கிராணியிடம் போய், "எங்கக்கா தவறிட்டாங்க, போகணும்" என்றேன். "போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான். செல்லம்மாவும் மகளும் லோரியில் ஏறிக்கொண்டார்கள். அதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. நான் நடந்தேன்.

கோலசிலாங்கூருக்குள் நுழைகிற இடத்தில் பின்னாலிருந்து, "ஹோய்! சினி!" என்று ஒரு குரல். இங்கே வா என்று ஒரு மாத்தா கூப்பிடுகிறான். நோட்டீஸ் கொடுக்கவில்லையே, கிராணியிடம் வாயால்தானே சொன்னேன் என்று என்னென்னவோ ஓடியது. பக்கத்து ரப்பர்க் காட்டுக்குள் இறங்கிவிடலாம் என்று கால் தானாகவே திரும்பியது. திரும்பிய காலை இழுத்து வைத்துக்கொண்டு அவனிடம் போனேன். பற்றவைக்காத சுருட்டு அவன் வாயில் இருந்தது.

"ஆப்பி அடா?"

நெருப்பு இருக்கிறதா என்று கேட்கிறான் அக்கா. மடியில் தீப்பெட்டி இருந்தது. முதல் குச்சி ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. அவனே என் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனான். என் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

எங்கோ உட்கார்ந்து துரைமார் திருத்திய சட்டம் என் கால் வரைக்கும் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. வருமோ வராதோ தெரியாது. ஆனால் அன்று நான் காட்டுக்குள் இறங்கவில்லை. நீ சொன்னதுபோலப் பயந்துகொண்டேதான் மீதி வழியையும் நடந்தேன். நடந்து வந்து ஆற்றைத் தாண்டி, உனக்குக் கொள்ளி வைத்தேன்.